மே மாத வஞ்சிரமும் மைட்டோகாண்ட்ரியாவும்: ஊட்டியில் 'ஃப்ரெஷ்' மீனைச் சோதிப்பது எப்படி?

மலர்க் கண்காட்சி நேரத்தில் ஊட்டியில் ஏதாவது ஒரு கடைப் பலகையில் 'இன்று பிடித்த ராமேஸ்வரம் வஞ்சிரம்' என்று எழுதியிருந்தால், மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதற்கு முன் காலண்டரைப் பாருங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அதற்குள் கேரளம் தன் ட்ராலிங் தடையை ஜூன் 9 நள்ளிரவில் தொடங்குகிறது. நாட்டுப் படகுகள் போகின்றன, உண்மைதான். கோழிக்கோட்டு மீன் நாடுகாணி வழியாகக் கூடலூருக்கு ஏறுவதும் உண்மை. ஆனால் நீலகிரியில் கூட்டம் அலைமோதும் சீசனும் ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் கரையில் கட்டிக்கிடக்கும் காலமும் ஒன்றாகவே வருகின்றன. ஜூன் முதல் பாதியில் இரண்டு கரைத் தடையும் ஒன்றின்மேல் ஒன்று விழுகிறது. அப்போதும் பலகையில் எழுத்து மாறுவதில்லை.

மீன் எங்கிருந்து வருகிறது? கோல்டு ஸ்டோரேஜிலிருந்து. இதில் தவறொன்றும் இல்லை. பிடித்த உடனே நன்றாக உறையவைத்து, கட்டியாகவே மலையேற்றி, 'ஸ்டாக் மீன்' என்று சொல்லி விற்றால் அது நேர்மையான சரக்கு. கட்டியை ராத்திரியே தண்ணீரில் போட்டு உருக்கி, காலையில் ஐஸ் தூளின்மேல் பரப்பி, பச்சை மீன் விலை சொல்வதுதான் மோசடி. ஏமாற்று சொல்லிலும் விலையிலும் இருக்கிறது; மீன் கெட்டிருக்க வேண்டும் என்றில்லை. அதனால்தான் நாற்றம் பார்த்து இதைப் பிடிக்க முடிவதில்லை.

மலைக் குளிர் இந்த ஏமாற்றுக்கு ஒத்தாசை செய்கிறது. மேட்டுப்பாளையத்தில் உருகிய மீனை வெளியே வைத்தால் மதியத்துக்குள் காட்டிக்கொடுத்துவிடும். ஊட்டியில் 15 டிகிரியில் தொட்டால் சில்லென்று இருக்கும்; வாங்குபவர் திருப்திப்பட்டுவிடுவார். அந்தச் சில்லிப்பை நம்பக் கூடாது. மீன் கெடும் வேகத்துக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: வெப்பநிலையை 0.1-ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டி, வந்ததை வர்க்கமாக்குங்கள். ஐஸில், அதாவது 0 டிகிரியில், வேகம் 1. 10 டிகிரியில் 4. 15 டிகிரியில் 6.25. ஊட்டிக் கடைப் பலகையில் நான்கு மணி நேரம் கிடந்த மீன், ஐஸில் 25 மணி நேரம் கிடந்ததற்குச் சமம். உக்கடம் மார்க்கெட்டில் பெட்டி கட்டும்போது மீனும் ஐஸும் சரிக்குச் சரி போட்டால்தான் மலையேறி இறங்கும் வரை தாங்கும். எடை கூடுகிறதென்று ஐஸைக் குறைப்பவர்கள் இந்தக் கணக்கைத்தான் மறக்கிறார்கள்.

சரி, உறைந்து உருகியதை எப்படிக் கண்டுபிடிப்பது?

மீன் தசையில் தண்ணீர்தான் பெரும் பங்கு. அது உறையும்போது பனிப்படிகங்கள் செல் சவ்வைக் கிழிக்கின்றன. வாய்வரை தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வைத்த கண்ணாடி பாட்டில் வெடிப்பதுபோலத்தான். மெதுவாக உறைந்தால் படிகம் பெரிது, சேதமும் பெரிது. மைனஸ் 40-இல் வேகமாக உறைத்தால் சேதம் குறையும். ஆனால் இல்லாமல் போவதில்லை. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் இரட்டைச் சவ்வும் கிழிகிறது. பச்சை மீனில் அதற்குள் பூட்டிக் கிடக்க வேண்டிய நொதிகள், உருகும்போது வழியும் சாற்றில் கலந்துவிடுகின்றன. எத்தனை ஐஸ் தூவினாலும் அந்த நொதியைத் திரும்ப உள்ளே தள்ள முடியாது.

அந்த நொதிகளில் ஆய்வகங்கள் அதிகம் நம்புவது பீட்டா ஹைட்ராக்ஸி அசைல் கோஎன்சைம் ஏ டீஹைட்ரஜனேஸ். கொழுப்பமிலத்தை எரிக்கும் பாதையில் வேலை செய்வது. வாயில் நுழையாத பெயர் என்பதால் இனி 'ஹாட் நொதி' என்றே சொல்கிறேன்.

ஆனால் அதற்கு முன்னால், பள்ளி மைக்ராஸ்கோப் போதும் என்கிற அளவில் ஒரு சோதனை இருக்கிறது. முழு மீன் கையில் இருந்தால் இதையே முதலில் செய்யுங்கள். உறைந்து உருகினால் மீனின் சிவப்பணுக்கள் வெடித்துவிடும். வயிற்றைக் கிழித்து, குடலை எடுத்தபின் முதுகெலும்புக்கு அடியில் ஒட்டி ஓடும் கருஞ்சிவப்புப் பட்டையைப் பாருங்கள்; அது சிறுநீரகம். அங்கிருந்து ஊசி முனையளவு ரத்தம் எடுத்து, 0.9 சதவீத உப்புக் கரைசல் ஒரு சொட்டில் கலந்து, கண்ணாடித் தகட்டில் 400 மடங்கு உருப்பெருக்கத்தில் பாருங்கள். பச்சை மீனில் நீள்வட்டமான அணுக்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு உட்கரு (மீனின் சிவப்பணுவுக்கு உட்கரு உண்டு), ஓரம் கூர்மையாகத் தெரியும். உருகிய மீனில் இளஞ்சிவப்புக் கலங்கலும், தோல் உரிந்த உட்கருக்கள் சிதறிக் கிடப்பதும்தான் தெரியும். உப்புக் கரைசலுக்குப் பதில் வெறும் தண்ணீர் விட்டால் பச்சை மீனின் அணுக்களும் வெடித்து, நேர்மையான வியாபாரி மாட்டிக்கொள்வார். செவுளிலிருந்து ரத்தம் எடுப்பதும் இதே காரணத்தால் வேண்டாம். ஐஸ் உருகிய தண்ணீர் அதை ஏற்கெனவே நனைத்திருக்கும். ஐஸில் பல நாள் கிடந்த மீனிலும் அணுக்கள் தானாக உடையத் தொடங்கும் என்பதால், முழு அணுக்கள் ஏராளமாகத் தெரிந்தால் 'உறையவில்லை' என்று துணிந்து சொல்லலாம். தெரியாவிட்டால் 'சந்தேகம்' என்று மட்டும் சொல்லலாம்.

வஞ்சிரமோ தலையும் குடலும் போய், துண்டாகத்தான் கிடைக்கும். அங்கேதான் ஹாட் நொதி தேவைப்படுகிறது.

இந்தச் சோதனையில் பலரும் சறுக்கும் இடம், ஒரே ஒரு எண்ணை எடுத்து 'இதற்கு மேல் இருந்தால் உறைந்தது' என்று தீர்ப்பு எழுதுவது. மீனுக்கு மீன், பருவத்துக்குப் பருவம், தசையில் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் அளவு மாறும். அயிலைக்குப் போட்ட கோடு பாறை மீனுக்குப் பொருந்தாது. அதனால் மீனை அதனோடேயே ஒப்பிட வேண்டும். ஒரே துண்டின் அடுத்தடுத்த இடத்திலிருந்து இரண்டு பகுதி எடுங்கள். ஒன்றை அப்படியே சோதியுங்கள். மற்றதை நீங்களே உறையவைத்து, உருக்கி, சோதியுங்கள். ஏற்கெனவே உறைந்த மீன் என்றால் வெடிக்க வேண்டியதெல்லாம் வெடித்துவிட்டது. நீங்கள் உறைத்ததால் நொதி அளவு பெரிதாகக் கூடாது, விகிதம் 1-ஐ ஒட்டி நிற்கும். பச்சை மீன் என்றால் உங்கள் ஃப்ரீசரில்தான் முதல் சேதம் நடக்கிறது. இரண்டாவது அளவு பளிச்சென்று எகிறும். இந்த ஒப்பீட்டில்தான் சோதனையின் உயிரே இருக்கிறது.

செய்முறை இப்படி. முதுகுப் பக்க வெள்ளைச் சதையில் 25 கிராம் வீதம் இரண்டு பகுதி வெட்டுங்கள். தோல் வேண்டாம், ரத்தக் கட்டி வேண்டாம். பக்கவாட்டில் ஓடும் கருஞ்சதைப் பட்டையைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். மைட்டோகாண்ட்ரியா அங்கே மிக அதிகம், ஒரு பகுதியில் மட்டும் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் விகிதம் கோணிவிடும். வெளிப்பரப்பிலிருந்து ஒரு சென்டிமீட்டரை ஒதுக்கிவிட்டு உட்சதையை எடுங்கள். ஐஸ் நீடிக்கட்டும் என்று பெட்டியில் கல்லுப்பு தூவினால் கலவையின் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போய், மீனின் மேல்தோல் மட்டும் உறைந்திருக்கும். உள்ளே பச்சை மீன்தான். மேற்பரப்பை எடுத்தால் தவறான குற்றச்சாட்டு.

முதல் பகுதியைக் கத்தியால் பொடியாக நறுக்கி, மெல்லிய துணியில் கட்டி, சென்ட்ரிஃபியூஜ் குழாயின் அடியில் துணி தொடாதபடி ஏதாவது தாங்கல் வைத்துச் சுழற்றிச் சாறு பிழியுங்கள். மிக்ஸியில் அரைக்கவே கூடாது. பிளேடே மைட்டோகாண்ட்ரியாவைக் கிழித்துவிடும். கிடைத்த சாற்றை 4 டிகிரியில், 10,000 ஜி (புவியீர்ப்பைப் போல 10,000 மடங்கு) விசையில் 20 நிமிடம் மறுபடி சுழற்றுங்கள். முழுசாகத் தப்பி வந்த மைட்டோகாண்ட்ரியா அடியில் படிந்துவிடும். மேலே நிற்கும் தெளிவில் இருப்பது வெளியே கசிந்த நொதி மட்டும். தெளிவைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து ஐஸில் வைத்து, அன்றைக்கே அளந்துவிடுங்கள். 'நாளை பார்க்கலாம்' என்று சுழற்றாத சாற்றை ஃப்ரீசரில் வைத்தால், சோதிக்க நினைத்த சேதத்தை நீங்களே செய்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இரண்டாம் பகுதியைக் காற்றுப்போகாத பையில் கட்டி மைனஸ் 20-இல் ஒரு ராத்திரி. காலையில் 4 டிகிரியில் உருகவிட்டு, அதே வரிசையில் எல்லாம்.

அளப்பது 340 நானோமீட்டரில். அந்த ஒளியை உறிஞ்சும் என்ஏடிஎச் என்ற பொருளை ஹாட் நொதி எவ்வளவு வேகமாகச் செலவழிக்கிறது என்பதைத்தான் பார்க்கிறோம். ஒரு மில்லிலிட்டர் குவெட்டில் 0.1 மோலார் பாஸ்பேட் பஃபர், சில மில்லிமோலார் இடிடிஏ, 0.15 மில்லிமோலார் என்ஏடிஎச், நீர்த்த சாறு 50 மைக்ரோலிட்டர். இந்த அளவு என்ஏடிஎச் போட்டால் கருவி 0.9-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும், 0.6 காட்டினால் உங்கள் என்ஏடிஎச் பழசாகிவிட்டது. ஹாட் நொதி மாற்றப்போகும் பொருளான அசிட்டோஅசிடைல் கோஎன்சைம் ஏ-வை உடனே சேர்க்காதீர்கள். தசைச் சாற்றில் லாக்டேட் டீஹைட்ரஜனேஸ் ஏராளம். கூடவே கொஞ்சம் பைருவேட்டும் இருக்கும். அவை தாமாகவே என்ஏடிஎச்-ஐத் தின்னும். ஓரிரு நிமிடம் விட்டு அந்தச் சரிவு நின்றபின் அசிட்டோஅசிடைல் கோஎன்சைம் ஏ-வைச் சேர்த்து, மூன்று நிமிடம் சரிவைக் குறியுங்கள். என்ஏடிஎச்-க்கு மோலார் உறிஞ்சுதிறன் 6220. நிமிடத்துக்கு 0.062 குறைந்தால் குவெட்டில் நிமிடத்துக்கு 10 நானோமோல் போயிருக்கிறது. 50 மைக்ரோலிட்டருக்கும் பத்து மடங்கு நீர்த்ததற்கும் கணக்குப் போட்டால், சாற்றில் மில்லிலிட்டருக்கு 2 யூனிட் (நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமோல் மாற்றும் நொதியளவு ஒரு யூனிட்). கல்லூரி ஆய்வகங்களில் கிடக்கும் சாதாரண கலரிமீட்டர் 400-க்குக் கீழே இறங்காது. புற ஊதா வரை போகும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர்தான் வேண்டும். குவார்ட்ஸ் குவெட் தேவையில்லை, 340-க்குக் கண்ணாடி போதும்.

இனி, சமவெளியில் எழுதிய செய்முறைக் குறிப்புகள் மலையில் காலை வாரும் இடங்கள்.

முதலாவது அறை வெப்பநிலை. புத்தகத்தில் 'அறை வெப்பநிலையில் அளக்கவும்' என்று இருந்தால் அது 25 டிகிரி. ஜனவரி காலையில் ஊட்டி ஆய்வகத்தில் 13, 14-தான் இருக்கும். நொதி வேகம் பத்து டிகிரிக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு மாறும். காலையில் முதல் பகுதியை 14-இல் அளந்து, மறுநாள் மதியம் வெயில் ஏறியபின் இரண்டாம் பகுதியை 20-இல் அளந்தால், மீன் எதுவாக இருந்தாலும் 'அளவு கூடியிருக்கிறது, பச்சை மீன்தான்' என்று சான்றிதழ் கொடுத்துவிடுவீர்கள். குவெட் தாங்கியைச் சுற்றி வெந்நீர் ஓடும் அமைப்பு இல்லாத கருவி என்றால், பஃபரையும் குவெட்டையும் 25 டிகிரி தண்ணீர்த் தொட்டியில் வைத்து எடுத்து, உடனே அளந்துவிடுங்கள்.

இரண்டாவது, ஜெல் ஓட்டுபவர்களுக்கு. சாற்றில் உள்ள புரதங்களை எஸ்டிஎஸ் (புரதத்தை விரிக்கும் சோப்பு போன்ற பொருள்) கலந்த ஜெல்லில் அளவு வாரியாகப் பிரிக்கும்போது மாதிரியை 95 டிகிரியில் ஐந்து நிமிடம் சூடாக்கச் சொல்வார்கள். 2240 மீட்டர் உயரத்தில் ஊட்டியில் தண்ணீர் 92, 93-லேயே கொதித்துவிடும். தண்ணீர்த் தொட்டியில் 95 வரவே வராது. உலர் வெப்பக் கட்டையைப் பயன்படுத்துங்கள், இல்லையேல் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். எஸ்டிஎஸ் கரைசல் 20 டிகிரிக்குக் கீழே வெள்ளைச் செதில்களாகப் படியும்; அலமாரியிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றினால் பாட்டில் மேல்பாதியில் எஸ்டிஎஸ் குறைவாகத்தான் இருக்கும். வெதுவெதுப்பாக்கி, முழுக்கக் கரைந்தபின் அளந்து எடுங்கள். ஜெல்லாக மாறும் அக்ரிலமைடும் குளிரில் இறுக மறுக்கும். வினையூக்கியை இரட்டிப்பாக்காமல் ஜெல் தட்டை 25 டிகிரி இன்குபேட்டரில் வையுங்கள். இன்னொன்று, மலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் எல்லோரும் ஒருமுறை விழும் குழி: தசைப் புரதத்தைப் பொட்டாசியம் குளோரைடில் கரைத்து எடுத்துவிட்டு எஸ்டிஎஸ் சேர்த்தால் பொட்டாசியம் உப்பாகத் திரைந்துவிடும். ஜெல்லுக்குப் போகும் மாதிரிக்குச் சோடியம் குளோரைடு. பிராட்ஃபோர்டு முறையில் 595-இல் புரத அளவு பார்ப்பதையும் எஸ்டிஎஸ் சேர்ப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். எஸ்டிஎஸ் அந்தச் சாயத்தைக் குழப்பும்.

ஜெல் என்ன சொல்லும்? உறைந்ததா இல்லையா என்பதற்கு ஜெல் ஒரு துணைச் சாட்சிதான். நீண்ட நாள் ஃப்ரீசரில் கிடந்த மீனில் தசையின் முக்கியப் புரதமான மயோசின் ஒன்றோடொன்று பிணைந்து, உப்புக் கரைசலில் கரைந்து வரும் அளவு குறையும். ஜெல்லில் 200 கிலோடால்டன் (புரத மூலக்கூறின் எடை அலகு) இடத்தில் பட்டை மெலியும். அதை வைத்து 'பல மாதச் சரக்கு' என்று ஊகிக்கலாம். ஐரோப்பியக் கடல் பாஸ் மீனில் இரு பரிமாண ஜெல் ஓட்டியவர்கள், பச்சை மீனுக்கும் உருகிய மீனுக்கும் இடையே பார்வல்புமின் என்ற தசைப் புரதத்தின் புள்ளி ஒன்று மாறுவதைக் கண்டார்கள். வஞ்சிரத்துக்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜெல் நிஜமாகவே கைகொடுப்பது வகை மாற்றத்தில்தான். பார்வல்புமின் 12 கிலோடால்டன் அளவுள்ள, சூட்டைத் தாங்கும் புரதம். மீனுக்கு மீன் அதன் பட்டைகள் மாறும். 15 சதவீத ஜெல்லில், பக்கத்தில் அசல் மீனின் சாற்றையும் ஓட்டினால், கடல் மீன் ஃபில்லே என்று தட்டில் வந்தது பங்கேசியஸ் என்ற வளர்ப்பு நன்னீர்க் கெளுத்திதானா என்று தெரிந்துவிடும்.

இரண்டு பகுதியிலும் ஹாட் அளவு மிகக் குறைவாக, விகிதமும் 1-ஆக வந்தால் அவசரப்பட்டு 'உறைந்தது' என்று எழுதாதீர்கள். உறைந்த மீனில் அளவு இரண்டிலும் உயர்ந்து நிற்க வேண்டும். இரண்டும் செத்துக் கிடந்தால் நொதியே அழிந்திருக்கிறது. ஃபார்மலின் முதல் சந்தேகம். அது புரதங்களைக் குறுக்காகப் பிணைத்து நொதியை முடக்கிவிடும். ஜெல்லிலும் புரதம் மாதிரியை ஊற்றும் குழியின் வாயிலேயே அடைத்து நிற்கும். கொச்சி மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய ஃபார்மலின் சோதனைத் தாளை இந்த வேலையெல்லாம் தொடங்கும் முன்பே ஒட்டிப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

ஹாட் சோதனை 'நல்ல மீனா?' என்று சொல்லாது. கடலிலேயே உறைத்த மீன் இதில் தோற்கும், ஆனால் சாப்பிட அருமையாக இருக்கும். ஐஸில் ஒரு வாரம் கிடந்த மீன் ஜெயிக்கும், குழம்பில் வாய்க்கு விளங்காது. வயதைக் கேட்க வேண்டுமானால் வேறு சோதனைகள்: செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி சிதைந்து வரும் இனோசினையும் ஹைப்போசாந்தினையும் மொத்தத்தோடு ஒப்பிடும் கே மதிப்பு, அதற்குப் பின்னால் வரும் ஆவியாகும் நைட்ரஜன் அளவு. இரண்டு கேள்வியையும் ஒரே சோதனையில் கேட்கிற அறிக்கைகளைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

அப்படியானால் உருகிய மீனைப் பச்சை என்று விற்பதில் காசைத் தவிர என்ன நஷ்டம்? சூரை, அயிலை, மத்தி போன்ற மீன்களில் நஷ்டம் உடம்புக்கு. இவற்றின் தசையில் ஹிஸ்டிடின் அதிகம். பாக்டீரியாவின் ஹிஸ்டிடின் டீகார்பாக்சிலேஸ் என்ற நொதி அதை ஹிஸ்டமினாக மாற்றும். ஃப்ரீசர் பாக்டீரியாவில் ஒரு பகுதியைக் கொல்லும். ஆனால் அந்த நொதி உறைந்த மீனில் பத்திரமாகக் கிடந்து, உருகியதும் வேலையைத் தொடரும். 'இன்றைக்குப் பிடித்ததுதானே' என்று நம்பி மசாலா தடவி மாலைவரை வெளியே வைப்பவரும், மீதியை வீட்டு ஃப்ரீசரில் மறுபடி உறையவைப்பவரும் இதற்கு வாசல் திறக்கிறார்கள். ஹிஸ்டமின் கொதிக்கவைத்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது. முகம் சிவந்து, தலை கனத்து, உடம்பு அரித்தால் 'மீன் அலர்ஜி' என்று அந்த ஆள் வாழ்நாள் முழுக்க மீனை ஒதுக்கிவிடுவார்.

புகார் கொடுக்க நினைப்பவர்களுக்கு: 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவுப்படி, வாங்குபவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் மாதிரியைச் சோதிக்கக் கேட்கலாம். வாங்கும்போதே கடைக்காரரிடம் 'சோதனைக்கு அனுப்பப்போகிறேன்' என்று சொல்லியாக வேண்டும். சொல்லாமல் வாங்கிவந்த மீனுக்கு இந்த வழி இல்லை. பொய்யான விவரம் சொல்லி விற்பதற்கு 52-ஆம் பிரிவில் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. பலகையைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பில்லில் 'ஃப்ரெஷ்' என்று எழுதி வாங்குங்கள். மாதிரியை முழு ஐஸில், தண்ணீர் வடியும்படி, பாலிதீன் பையில் கட்டி அனுப்புங்கள். மாதிரிப் பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் 'உறையவைக்கக் கூடாது' என்று எழுதி, வாங்கிக்கொள்பவரிடம் வாயாலும் சொல்லுங்கள். கெட்டுப்போகாமல் இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் வழியில் யாராவது ஒருவர் அதை டீப் ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வைத்துவிட்டால், ராமேஸ்வரத்தில் அன்று காலை பிடித்த மீனும் உருகிய மீனாகத்தான் அறிக்கையில் வரும்.